புழு இன்னா துன்னுச்சு

16.9.1987, வடக்கனந்தல்
அம்மாவுக்குக் காய்ச்சல் என்று வந்தேன். சோதனையைப் பாதியில் விட முடியாது. கடல்புழுக்களை ஈரப் பாசியில் பொதிந்து, பரங்கிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து, வாளியில் கேனில் எடுத்துவந்த கடல்தண்ணீரை ஊற்றிப் பாசியோடு விட்டிருக்கிறேன். தனசேகரன் அண்ணன் எட்டிப் பார்த்து, "புழு இன்னா துன்னுதுன்னு பாக்கவா ஒனக்கு எம்.ஃபில்லு?" என்று சிரித்தான். அதற்குத்தான்! புழு தொண்டையை வெளியே தள்ளினால் கொக்கி மாதிரி இரண்டு கறுப்புத் தாடை. தாடை இருந்தால் மாமிசம்தான், சோதித்து எழுதிக்கொண்டு வா என்றார் கைடு. மாதக் கடைசிக்குள் ஆய்வேடு கொடுக்காவிட்டால் அப்பா படிப்பை நிறுத்திவிடுவார்.

17.9
இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். புளியமரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருக்கிறார்கள். பஸ் இல்லை. அண்ணனும் கோடாலியோடு கிளம்பினான். "ஒன்ன மாதிரி நாலு பொண்ணு படிக்கணும்னா நமக்கு எடம் வோணும் செவ்வந்தி." சரிதான். நான் எப்படித் திரும்பிப் போவது?

18.9
ஏரி மீன் துண்டு போட்டேன். தொடவில்லை.

20.9
ஆட்டு ஈரல். அதையும் தொடவில்லை. பட்டினியில் செத்துவிடுமோ என்று இன்னும் கொஞ்சம் போட்டேன். தண்ணீர் நாறுகிறது. மாற்றுவதற்குக் கடல்தண்ணீர் இல்லை. "கெணத்துத் தண்ணியில கல்லுப்பு கரைச்சி ஊத்துடி. அதுவும் கடல்ல வந்ததுதான?" என்கிறாள் அம்மா. பாவம், வெறும் உப்பு போதாது.

21.9
அண்ணனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. கடலூர் ஜெயிலாம். அம்மா அடுப்பு மூட்டவில்லை. புழுக்களும் பாதிக்கு மேல் செத்துப்போச்சு. அழுவுறேன் — அண்ணனுக்கா, புழுவுக்கா? வெட்கமாயிருக்கு. ரெண்டுக்கும்தான்.

22.9
செத்த ஒன்றைப் பிளேடால் கீறினேன். குடல் முழுக்கப் பச்சை.

பச்சையா? வாளியில் துழாவினேன். பொதிந்து வந்த பாசியைக் காணோம். ஓரமெல்லாம் கடிபட்ட ஒரு துணுக்குதான் மிச்சம். அடிப்பாவி! பாசியைக் கடிக்கத்தான் அந்தத் தாடை. சோற்றோடுதான் அதுகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அப்புறம் மாமிசத்தைப் போட்டு, தண்ணீரை நாற வைத்து, நானே கொன்றிருக்கிறேன். ஈரலை அள்ளி எறிந்தேன்.

26.9, கடலூர்
பஸ் ஓடுகிறது. ஒரே ஒரு புழு பிழைத்திருக்கிறது. "மாமிசம்" என்று ஆய்வேட்டில் முன்கூட்டியே எழுதிவைத்ததை அடித்துவிட்டேன். கைடு ஒத்துக்கொள்வாரோ என்னவோ, பயமாகத்தான் இருக்கிறது.

வழியில் ஜெயிலில் இறங்கி அண்ணனைப் பார்க்க மனுப் போட்டேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அண்ணன், நெற்றியில் கட்டோடு. அவன்தான் முதலில் கேட்டான்.

"புழு இன்னா துன்னுச்சு?"

"பாசிண்ணா. மாமிசம் இல்ல."

சிரிப்பான் என்று பார்த்தேன்.

"அத்தயே எழுது" என்றான்.