ஏனாதி மருதனார் வீட்டு வாயிலின் அகலம்

மழை முறை தவறாது பெய்க. கழியும் கடலும் மீனால் நிறைக. இரு நாட்டு எல்லைக் கல்லும் இருபுறத்து ஆடுகளுக்கும் ஒரே நிழலைத் தருக.

ஏழு குன்றும் காத்து, எளியோர் குறை செவிமடுத்து, செம்பரணி நாட்டைச் செங்கோல் வழுவாது ஆளும் கோ பெருநற்சேந்தன், கடல்வளமும் கலைவளமும் குன்றா நெடுங்கழி நாட்டை ஆண்டருளும் மாதேவி ஆம்பலங்கோதையார் திருமுன்னர் வரவிடுத்த நன்றி ஓலை. தேவியார்க்கும், அவர்தம் குடிகட்கும், தச்சர் தெருவில் உளி ஏந்தும் ஒவ்வொரு கைக்கும் நலம் பெருகுக.

அரசன் பணிக்க இதனை எழுதியவன் ஓலைநாயகன் எயினன். நடந்ததை நடந்தபடி எழுதுக, உன் பிழையையும் ஒளியாது எழுதுக என்பது அரசன் ஆணை. ஆதலின் இவ்வோலையில் எயினனின் அசட்டுத்தனமும் இடம்பெறும். தேவியார் பொறுத்தருள்க.

தேவியார் அறியாததன்று, செம்பரணியில் ஒரு வழக்கம் உண்டு. போரில் தன் வீரரை இழந்து தான் மட்டும் மீண்ட படைத்தலைவன் தன் மனையில் ஒரு புல்வெளி வளர்த்தல் வேண்டும். ஆண்டுதோறும் போர் முடிந்த நாளில், மாண்டாரின் சுற்றத்தார் அங்கு வந்து, பாய் விரியாது, அப்புல்லின்மேல் அமர்ந்து உண்பர். அந்நாளுக்கு முன் புல்லைத் தலைவனே அரிதல் வேண்டும். ஏவலர் கை அதில் படலாகாது. அவனால் அரிய இயலாத ஆண்டில் வெளி உழப்பட்டு வயலாகிவிடும். சுற்றத்தார் வருகையும் அத்துடன் நின்றுபோம்.

கணவாய்ப் போரில் முப்பத்தெட்டு வீரரை இழந்து மீண்டவர், படைத்தலைவர்க்குரிய ஏனாதிப் பட்டம் பெற்ற மருதனார். பதினோராண்டு அவ்வெளியை அவரே அரிவாள் கொண்டு அரிந்தார். முழங்கால் மடங்க மறுத்தபின், சென்ற ஆண்டு, தரையில் அமர்ந்து கையூன்றி நகர்ந்தபடியே இரண்டு மா நிலத்தையும் அரிந்து முடித்தார். சுற்றத்தார் வந்து அமர்ந்தபோது அவர் உள்ளங்கைகள் இரண்டிலும் கட்டுப் போட்டிருந்ததைக் கண்டனர். கண்டவர்க்குச் சோறு இறங்கவில்லை. மாண்ட வீரன் செம்பனின் மனைவி பூதி எல்லார் சார்பிலும் அரசவைக்கு வந்து, தாங்கள் இனி வரப்போவதில்லை என்றும், வெளியை உழுதுவிடலாம் என்றும், தங்கள் பொருட்டு அம்முதியவர் இனியும் வதைபடலாகாது என்றும் விண்ணப்பித்தாள்.

இதனைக் கேட்ட ஏனாதியார் நான்காம் நாள் அவைக்கு வந்து ஒன்றே வேண்டினார். நெடுங்கழித் தச்சர், விலங்கு இழுக்க ஏறி அமர்ந்து செலுத்தும் புல்லரி வண்டி செய்கின்றனராம். சக்கரம் உருள உருள அடியில் கத்திகள் சுழன்று புல்லை மட்டமாய் அரியுமாம். அத்தகையது ஒன்று கிடைப்பின் தாம் சாகுமட்டும் அவ்வெளி வயலாகாது என்றார். அமர்ந்து அரிவது கையால் அரிந்ததாகுமோ என அவையோர் ஐயுற, கடிவாளம் எவர் கையிலோ அரிந்தவரும் அவரே என அரசன் தீர்ப்பளித்தான்.

இனி எயினனின் பிழை. எம் அவையில் எக்கொடைக்கு ஓலை எழுதினும், பெறுவோர் பட்டங்களை வரிசையாய் எழுதுவது முறை. பட்டத்திற்கு ஏற்பப் பொருளும் வரும். எயினனோ பட்டம் எழுதுவதில் பசித்தவன் பந்தியில் அமர்ந்தாற்போன்றவன். யானைப்படை ஏனாதி, கணவாய் காத்த கோமான், எட்டுக் கொடிக்கு உரியோன் என ஓலை இரண்டை நிறைத்துத் தேவியாரின் தச்சர் தெருவுக்கு விடுத்தான். எத்துணை நிலம், எவ்வளவு சரிவு என்று ஒரு சொல்லும் எழுதினானல்லன்.

பட்டத்திற்கேற்ற வண்டி வந்தது. ஐந்து முழ அகலம், ஆளுயர இருக்கை, இரட்டை வெள்ளெருது, அச்சில் அரச முத்திரை. ஊரே கூடி வாழ்த்த, ஏனாதியார் வாயிலை அடைந்ததும் வண்டி நின்றது. வாயில் மூன்றே முழம்.

அரச முத்திரை பொறித்த கொடையைப் பிரித்து மாட்டுதல் எம் நாட்டில் முத்திரையை உடைத்ததற்கு ஒப்பாகும். எனவே வாயில் தூண்களை இடித்து அகலப்படுத்தலாம் என்று அதிகாரி ஒருவர் கடப்பாரை கொணரச் செய்தார். அத்தூண்களில் முப்பத்தெட்டு வீரர் பெயரும் வெட்டப்பட்டுள்ளன. ஏனாதியார் ஊன்றுகோலுடன் இரு தூண்களுக்கும் நடுவே வந்து நின்று, எவன் பெயரிலிருந்து இடிக்கத் தொடங்குவதாய்க் கருத்து என்று அமைதியாய் வினவினார். கடப்பாரை வந்த வழியே திரும்பியது. எருதுகள் மட்டும் வாயிலோரத்துப் புல்லை மேய்ந்துவிட்டுச் சென்றன. இவ்வாண்டு அங்கு அரியப்பட்ட புல் அதுவரை அவ்வளவே.

நாள் நெருங்கிற்று. வெட்கத்தோடு எயினன் மீண்டும் எழுத, தேவியாரின் தச்சர் தலைவி கொற்றியாரிடமிருந்து ஒரு சாண் ஓலை வந்தது. அதில் வாழ்த்தும் இல்லை, பட்டமும் இல்லை. வாயிலின் அகலம் என்ன, நிலம் எப்பக்கம் சரிகிறது, வெளி நடுவில் மரம் உண்டா, மழையில் வண்டி எங்கே நிற்கும், மடங்காத முழங்கால் எது என்னும் ஐந்து வினாக்களே இருந்தன. யானைப்படை ஏனாதியின் முழங்காலைப் பற்றித் தச்சச்சி வினவுவதா என எயினன் சினந்தான். சினந்தும் என்ன, விடை தெரியவில்லையே. பதினோராண்டு அவர் பட்டங்களை எழுதியவன், அவர் வீட்டினுள் ஒருநாளும் அடியெடுத்து வைத்ததில்லை.

சென்றான். வாயிலைத் தன் கையாலேயே முழம் போட்டான். நிலம் கிழக்கே குளம் நோக்கிச் சரிவதையும், நடுவே இரு கொன்றை மரங்கள் நிற்பதையும், மாட்டுக்கொட்டிலில் ஒரு மூலை காலியாய் இருப்பதையும் கண்டான். கால் எது எனக் கேட்கத் தயங்கி நின்றவனை நோக்கி, வலக்கால் என்றார் ஏனாதியார். இதனைத் தம்மிடம் கேட்க ஒருவர் வருவதற்குள் தாம் இறந்துவிடுவோம் என்றே எண்ணியிருந்ததாகவும் கூறினார்.

விடை கிடைத்ததும் கொற்றியார் தாமே படகேறி வந்தார். மூவகை வண்டியின் சிறு மாதிரிகளைப் புல்மேல் வைத்து ஏனாதியார்க்கு விளக்கினார். இரட்டை எருது வண்டி பரந்த சமவெளிக்கு ஆகும், இரண்டு மாவுக்கு மிகை என்றார். மட்டக்குதிரை வண்டி விரைவுடையது, ஆயின் சரிவில் குதிரை குளம் வரை இழுத்துச் சென்றுவிடும் என்றார். மூன்றாவது, இரண்டேகால் முழ அகலத்துச் சிறு வண்டி, மரத்தை ஒட்டி வளைந்து திரும்பும், இருக்கை தாழ்ந்தது, நல்ல காலான இடக்காலை முதலில் ஊன்றி ஏற இடப்புறம் படி உடையது. ஆனால் அதனை இழுப்பது கோவேறு கழுதை.

உடனிருந்த அவையோர் முகம் சுளித்தனர். யானைமேல் வீற்றிருந்தவர் கழுதைக்குப் பின் அமர்வதா என்றனர். ஏனாதியார் மறுமொழியாக, யானைமேல் இருந்தபோது தம் வீரர் தலைப்பாகையே தமக்குத் தெரிந்ததென்றும், அவர்கள் முகங்களைப் பிணங்களாய்க் கிடந்த அன்றுதான் அருகில் கண்டதாகவும், இனித் தாழ்ந்த இருக்கையே தமக்குப் போதுமென்றும் உரைத்தார்.

குறித்த நாளுக்கு முந்தைய காலை, ஏனாதியார் இடக்காலை ஊன்றி ஏறி அமர்ந்தார். கழுதை முதலில் இரண்டடி பின்னோக்கி வைத்தது. அது அதன் குலவழக்கம் போலும். பின்னர் நடந்தது. உச்சிப்பொழுதுக்குள் வெளி முழுவதும் அரியப்பட்டது. தூணடியில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் கத்தி எட்டவில்லை. அரிந்த புல்லின் மணம் தெருக்கோடி வரை சென்றது.

அம்மணம் உணர்ந்து முதலில் வந்தவள் பூதி. வாயிலில் நின்று ஏனாதியாரின் உள்ளங்கைகளைக் காட்டச் சொன்னாள். இரண்டும் வடுவன்றிப் புண் இல்லாதிருந்தன. அவள் திரும்பிச் சென்று, மறுநாள் அனைவரையும் அழைத்து வந்தாள். கையில் அரிவாளும் கொணர்ந்தாள். தூணடிப் புல்லைத் தான் அரியலாமா என அவள் இசைவு கேட்க, வழக்கம் ஏவலர் கையையே விலக்கியது, உரியவர் கையை அன்று என்றான் உடனிருந்த அரசன். கணவன் பெயரின் அடியில் அமர்ந்து அவள் அரிந்தாள். முப்பத்தெட்டுக் குடும்பமும் புல்மேல் அமர்ந்து உண்டன. இவ்வாண்டு சோறு போதவில்லை.

இதன் பொருட்டுத் தேவியார்க்கும் கொற்றியார்க்கும் செம்பரணி நாடு நெஞ்சார நன்றி செலுத்துகிறது. இனி எம் நாட்டில் எழும் எக்கொடை ஓலையும் பெறுவோர் வாயிலின் அகலத்தை முதலிலும் பட்டத்தை இறுதியிலும் கூறுக என்பது அரசன் ஆணை. கொற்றியார்க்கு ஒரு கொடை அனுப்ப அரசன் உள்ளம் கொண்டுள்ளான். அவர் வீட்டு வாயில் எத்தனை முழம், அவர்க்கு உண்மையில் வேண்டுவது யாது என்பதை அவரையே கேட்டு எழுதியருள்க. விடை வருமட்டும் எயினன் எதனையும் அனுப்பான்.

ஏழு குன்று முத்திரை இட்டது. இவை ஓலைநாயகன் எயினன் எழுத்து. அவன் வீட்டு வாயில் இரண்டரை முழம்.