காலித் தட்டும் கம்பெனி விளக்கும்

என் ராசா ஏழுமலைக்கு,

ஆனி மாதத்திலிருந்து உன்மேல் கோபமாகவே இருக்கிறேன். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூடாதா? சரி, அதை விடு. சம்பா அறுப்பு முடிந்துவிட்டது. அந்தக் கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் விளக்கு வேலையை இப்போது நான்தான் பார்க்கிறேன். பொழுது சாய்ந்ததும் வரப்பில் அரிக்கேன் விளக்கு, அதன் கீழே தண்ணீர்த் தட்டு. ரேஷன் மண்ணெண்ணெயைப் பூச்சிக்குப் படைக்கிறாயே என்று உன்னைத் திட்டினவள்தான் நான். சிரிக்காதே. மற்றவர்களும் உன் வழக்கத்தை விட்டுவிடவில்லை. காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வரும்போதே, அவரவர் தட்டில் எவ்வளவு பூச்சி விழுந்தது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், நீ பழக்கியபடியே. யாருக்கும் கூலி கிடையாது.

கார்த்திகையில் வல்லக்கோட்டைப் பக்கத்துத் தட்டுகளில் புகையான் பூச்சி கூடிக்கொண்டே வந்தது. நம் மண்ணூர்த் தட்டுகள் மட்டும் காலி. ஊர் தப்பித்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. பூச்சிக்கு ஊர் எல்லை தெரியுமா?

தட்டில் பூச்சி கூடினால் உடனே வயல் தண்ணீரை வடித்துத் தூரைக் காயவிடச் சொல்வாய். இல்லாவிட்டால் அடித்தண்டில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, நெருப்பு வைத்ததுபோல் வட்டம் வட்டமாகக் கருக்கிவிடும். ஆனால் இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஏரி பாதிகூட நிரம்பவில்லை. வடித்தால் திரும்பப் பாய்ச்சத் தண்ணீர் கிடைக்குமா? பூச்சியும் வராமல் போனால் என் வயிற்றில் நானே அடித்துக்கொண்ட மாதிரிதான்.

இதே யோசனையோடு ரோட்டுப் பக்கம் போனபோது புதுக் கம்பெனியின் கேட் கண்ணில் பட்டது. நீ பார்க்காத விளக்குகள் அவை, விடிய விடிய எரிகின்றன. இங்கே பூச்சி வருகிறதா என்று வாட்ச்மேன் சாமுவேலண்ணனிடம் கேட்டேன்.

"வராம? தெனம் காலைல மொறத்துல வாரிக் கொட்டிக்கினு கீறேன். வோணும்னா எடுத்துக்கினு போம்மா."

முந்தானையில் முடிந்துகொண்டு வந்து சொசைட்டி பெஞ்சின்மேல் கொட்டினேன். பால் அளக்கிற இடத்திலா என்று சொசைட்டிக்காரர் கத்தினார். கத்தட்டும். முக்கால்வாசியும் புகையான். உன் தட்டின்மேல் தப்பில்லை தம்பி. அவ்வளவு பெரிய விளக்கு இருக்கும்போது நம் அரிக்கேனை எந்தப் பூச்சி மதிக்கும்?

பக்கத்து நிலத்துக் கன்னியப்பன் நம்பவில்லை. "கம்பெனி வெளக்குல வியுந்ததுக்கு என் தண்ணிய நான் ஏன்கா வடிக்கணும்? உனுக்கு இன்னா ஆச்சு?" என்றான்.

நேரே போய் நம் மடையைத்தான் முதலில் வெட்டினேன். தண்ணீர் ஓடி முடியும்வரை வரப்பிலேயே நின்றேன். அம்மாவுக்கும் எனக்கும் அந்த ஒரு துண்டு நிலம்தானே? சாயங்காலத்துக்குள் பாதி ஊர் மடையைத் திறந்துவிட்டது.

நம் பயிர் கொஞ்சம் வாடியது, கதிரும் சிறுத்தது. ஆனாலும் களத்துக்கு நெல் வந்தது. கடைசிவரை வடிக்காத கன்னியப்பன் வயல் நடுவில் கருகிப்போனது. ஜெயித்துவிட்டோம் என்று தோன்றவில்லை தம்பி, அவன் பெண்டாட்டி வரப்பில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நானும் அழுதேன்.

இப்போது நவரைப் போகத்துக்கு நாற்று விட்டிருக்கிறோம். கன்னியப்பனும் தன் வரப்பில் ஒரு விளக்கு வைத்திருக்கிறான். சாமுவேலண்ணனுக்கு மாடு கிடையாது. ஆனாலும் ஷிப்ட் முடிந்ததும் வெறுங்கையோடு வந்து பால் வரிசையில் நின்று, தன் கேட்டில் விழுந்ததைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்.

இன்னும் கம்பெனிகள் வரப்போகின்றனவாம். வரட்டும். எத்தனை கேட் வந்தாலும் ஒவ்வொன்றிலும் போய் நின்று, பூச்சிக் கணக்குச் சொல்ல ஓர் ஆளைப் பிடித்துவிடுவேன். புது அரிசியில் முதல் இலை உன் படத்துக்கு முன்னால்தான் போட்டேன், சாப்பிட்டாயா? நான் இருக்கும்வரை ஒவ்வொரு போகத்துக்கும் போடுவேன்.

உன்னைத் திட்டிக்கொண்டே உன் விளக்கை ஏற்றும்,
அக்கா பச்சையம்மாள்