போகாத ஞாயிறுகள்

ஆகஸ்ட் 6

மூன்றாவது நாளாக மழை. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அரைத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மலையோடையில் இந்நேரம் தண்ணீர் பாறைகளை மூடியிருக்கும். அங்கே கயாக் படகு ஓட்ட வருஷத்தில் இந்தச் சில வாரங்கள்தான். கூட வர ஆள் இல்லை.

மச்சானைக் கேட்டுப் பார்த்தேன். போன வருஷம் அருவிக்கடியில் மாட்டி, புருவம் கிழிந்து வீட்டுக்குப் போனதிலிருந்து அக்கா அவரைத் தண்ணீர்ப் பக்கமே விடுவதில்லை. இப்போது கைக்குழந்தை வேறு. "அவ கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல முடியாது மாப்ள" என்றார்.

அவருடைய கயாக்கை வீட்டில் வைக்கக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டதால் அதுவும் என் அறையில்தான் கிடக்கிறது. ஒற்றை அறையில் இரண்டு படகு, ஒரு ஆள். துவைத்த துணியை அதன் மேல்தான் உலர்த்துகிறேன்.

ஆகஸ்ட் 9

இன்று கடைக்கு வெளியே யாரிடமும் பேசவில்லை. கடையிலும் கண்ணாடிப் பவர் எண்களைத்தான் பேசினேன்.

ஆகஸ்ட் 14

ஞாயிற்றுக்கிழமை தனியாகவே போகிறேன் என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன். அந்த ஓடையில் தனியாக எவனும் இறங்க மாட்டான். தெரிந்துதான் சொன்னேன். யாராவது வேண்டாமென்று சொல்லட்டுமே என்றா? இருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் அக்காவிடமிருந்து போன். நான் கவிழ்ந்தால் கயிறு வீச, கரையில் நிற்கத் தானே வருகிறாளாம். மச்சானை அனுப்பு என்றேன். "அவரா? கரையில நிக்கிறேன்னு போய் இடுப்பளவு தண்ணியில நிப்பார்" என்றாள். குழந்தையை அவர் பார்த்துக்கொள்வாராம்.

ஆகஸ்ட் 18

நடந்ததை இன்றே எழுதிவிடுகிறேன்.

மேல் அருவிகள் இரண்டும் நன்றாகத்தான் போயின. மூன்றாவதற்கு 'பல் டாக்டர்' என்று பெயர். மச்சானின் முன்பல் பாதி அங்கே போனதால் நாங்களே வைத்தது. மேலே படகில் உட்கார்ந்தால் விளிம்பு மட்டும்தான் தெரியும். கீழே நிற்பவர் கையால் காட்டுவார். அந்த இரைச்சலில் கத்தினால் கேட்காது. கை எப்போதும் போக வேண்டிய பக்கத்தைத்தான் காட்டும், ஆபத்தைக் காட்டவே காட்டாது. இது எங்களுக்கெல்லாம் ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஊறிப்போனதாலேயே அக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

படகை விட்டு இறங்கி, நடந்துபோய் ஒருமுறை பார்த்திருக்கலாம். அவள் நிற்கிறாள் என்ற தெம்பில் பார்க்கவில்லை.

அவள் முழுக் கையையும் நீட்டி இடப்பக்கம் காட்டினாள். பிறகு இரண்டு கைகளாலும் காட்டினாள். இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாளே என்று இடப்பக்கமே இறங்கினேன்.

அங்கே புதிதாக ஒரு மரம் விழுந்து கிடந்தது. படகின் முனை அதன் அடியில் சொருகிக்கொண்டது. முதுகில் தண்ணீர் ஏறி உட்கார்ந்து என்னை மடக்கியது. செத்தேன்னு நெனச்சேன். யார் முகமும் கண்ணு முன்னால வரல — ஒரு முகம்கூட. அதுதான் தண்ணியவிட பயமா இருந்துச்சு.

முதல் கயிறு எட்டவில்லை. இரண்டாவது தோளில் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு படகிலிருந்து எப்படியோ பிய்த்துக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா ஒரு பாறையில் காலை உதைத்து உட்கார்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளங்கைகள் உரிந்துவிட்டன. என் படகு மரத்தடியிலேயே மடங்கிக் கிடக்கிறது.

"மரம் இருக்குன்னுதானடா காட்டினேன்" என்றாள்.

எங்கள் பழக்கத்தைச் சொன்னேன். என் வாசலில் காரை நிறுத்தியதும்தான் சொன்னாள்: "இனிமே போறப்ப எங்கிட்ட சொல்லாத. போகாத ஞாயித்துக்கிழமை மட்டும் போன் பண்ணு."

ஆகஸ்ட் 25

ஓடையில் நல்ல தண்ணீர். மச்சானின் படகை மாடிப்படி வரை இழுத்துப் போனேன். படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். போன் செய்து "இன்னைக்குப் போகல" என்றேன். "ம்" என்று வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 1

போகவில்லை. சொன்னேன். சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

செப்டம்பர் 8

காய்ச்சல். விடிந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்கிப்போனேன். மத்தியானம் யாரோ கதவை உடைப்பது போல் தட்டினார்கள். திறந்தால் அக்கா. இடுப்பில் குழந்தை, காலில் ஜோடி மாறிய செருப்பு. என்னைப் பார்த்தாள், சுவரோரம் இருந்த படகைப் பார்த்தாள், அப்படியே அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். துணி ஈரமாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் காதில் விழவில்லை.

போன் பண்ண மறந்தேன் என்று அப்புறம்தான் உறைத்தது.

அக்டோபர் 13

மழை நின்று வெகு நாளாகிறது. கடை, அறை, மறுபடி கடை. காலையில் போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் இல்லாத ஓடைக்குப் போகவில்லை என்று சொல்ல ஒரு போனா? சிரிக்க மாட்டாளா?

அதற்குள் அவளே அழைத்தாள். "ஏன்டா இன்னும் பண்ணல?"

ஓடையில் தண்ணீரே இல்லையே என்றேன்.

"தெரியும். நேத்து பாலத்துல நின்னு பார்த்துட்டுதான் வந்தேன். இருந்தாலும் நீ வாயால சொல்லு."

போகவில்லை என்று சொன்னேன். அதற்குப் பிறகும் அவள் போனை வைக்கவில்லை.