ஆமைக்கரை விளக்குகள்

வூப்பர்டால், ஜெர்மனி

அன்பு மகன் கார்த்திகனுக்கு,

நாங்கள் இங்கே நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், செத்தது நீ இல்லையே. எனக்கு வலது கையில் மாவுக்கட்டு, நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி கவிசா எழுதுகிறாள். கோபம் என்னுடையது, நக்கல் அவளுடையது, பிரித்துப் படிக்காதே. நீ போன் எடுக்காதபடியால் உன்னோடு வேலை செய்யும், லீவு முடிந்து அங்கே திரும்பும் சுபானியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். பொதிக்குள் வடையைத் தேடாதே, கடிதம் மட்டும்தான்.

கானாவில் நீ வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி கோர்கோர் அன்ரி படம் அனுப்பியிருந்தார். உடுப்புத் தோய்க்கும் பேசின் நிறையச் செத்த ஆமைக்குஞ்சுகள், கார் ரயர் ஏறியதும் வெயிலில் காய்ந்ததுமாக. ஆமை முட்டையிடும் காலத்தில் அந்த ஊரார் கரையில் ஒரு லாந்தர்கூடக் கொளுத்தமாட்டார்களாம், பரம்பரையாக அப்படித்தானாம், கரை ரோட்டில் நீ தெருவிளக்குகள் நட வந்தபோதே உனக்கும் சொன்னார்களாம். நீ சிரித்து, அது மூடநம்பிக்கை, இது சூரியசக்தி, இயற்கைக்கு ஒரு கெடுதலும் வராது என்றாயாம். குஞ்சுகள் உன் விளக்கை இருட்டில் மினுங்கும் கடலென்று நம்பி ரோட்டுக்கு நடந்திருக்கின்றன. டார்ம்ஸ்டாட்டில் சுற்றுச்சூழல் படித்தாய், சுற்றிவரப் பார்க்கப் படிக்கவில்லை. உன் அறிவை நீயே வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டாய். என்ரை பெடியன் ஆபிரிக்காவுக்கே வெளிச்சம் குடுக்கிறான் என்று கோயிலில் படம் காட்டித் திரிந்த அப்பா, அங்கே மகேந்திரராஜா அண்ணை செய்தி கேள்விப்பட்டு வந்து, எப்பிடி, மோன்ரை லைற் எரியுதோ என்று கேட்டதிலிருந்து கோயிலுக்கே போவதில்லை. வெளிச்சம் எல்லோருக்கும் நல்லதென்று உனக்கு யார் சொன்னது? நானும் அப்பாவும் இந்த நாட்டு எல்லையைக் கடந்தது இருட்டில். கூட வந்த ஒருவன் லைட்டரைப் பற்றவைத்தான், மிச்சக் கதையைப் பொலிஸ் நாய் அப்பாவின் காலில் எழுதி வைத்திருக்கிறது.

இன்னும் பொரிக்காத முட்டைகள் மணலுக்குள் கிடக்கின்றனவாம். விளக்கை நிற்பாட்டு என்று ஊரார் கேட்க, திறப்புவிழா முடியட்டும், ஜெர்மனியிலயிருந்து பெரியாக்கள் படமெடுக்க வருகினம் என்றாயாம். பெரியாக்கள் இருட்டில் நிற்கட்டும். வேலை போனால் போகட்டும், அப்பாவின் பேக்கரியில் தட்டுக் கழுவ ஆள் தேடுகிறார்கள். அந்த விளக்குகள் எரிய எரிய நீ இங்கே வந்து பெல் அடித்தால், கவிசா யன்னலால் எட்டிப் பார்த்து, ஒருத்தரும் இல்லை என்பாள். நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

மலேரியாக் குளிசையை மறக்காமல் போடு. விழாவுக்கு ஆசீர்வாதம் கேட்டிருந்தாய். சாமிவிளக்கு தானாக அணைந்து நூந்தாலே பதறுகிறவள் நான். இன்று அதே சாமிக்கு முன்னால் நின்று சொல்கிறேன், உன் விளக்குகள் ஒன்றும் மிச்சமில்லாமல் நூந்து போகட்டும், மகனே.

உன்னைப் பெற்ற அம்மா,
தேவமலர்