கவிழ்த்த சட்டி

ஜூலை 2

மழை விடவில்லை. கொட்டகையில் காலையிலிருந்து மூங்கில் குருத்து வேகிறது. கசப்பு இறங்கும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி என் இடுப்பு ஒடிந்துவிட்டது. ஊறுகாய் பாட்டில்களுக்கு மூடி வரவில்லை. யாரைக் கேட்டாலும், "நீங்களே பாத்துக்கோங்கக்கா." சங்கத்துக்குத் தலைவி என்றால் எல்லோருக்கும் வேலைக்காரி என்று அர்த்தம்.

ஒரு நாள் படுத்துக் கிடக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஜூலை 5

புதிய பெண்களுக்கு மறுபடி விளக்கினேன். வெட்டப்போகும் குருத்தின் மேல் சட்டியைக் கவிழ்க்க வேண்டும். வெயில் படாமல் இளசாக இருக்கும். ஒவ்வொரு புதரிலும் சிலவற்றைத் திறந்தே விட வேண்டும். அவை வளர்ந்தால்தான் புதர் பிழைக்கும். புதர் பிழைத்தால்தான் இந்த மலையில் அடுப்பு எரியும். புதரை மொட்டையடித்தவர் அந்த மழைக்காலம் முழுக்க வேலைக்கு வரக்கூடாது. சட்டம் நான் போட்டதுதான்.

நாத்தனார் பின்னால் நின்று சிரித்தாள். "அண்ணிக்குப் பயந்தே மூங்கில் வளந்துடும்."

ஜூலை 9

தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 11

ஓடையோரப் பெரிய புதரை நான்தான் வெட்டினேன். குனி, சட்டியைத் தூக்கு, வெட்டு, அடுத்தது. கூடை நிறைந்த பிறகே நிமிர்ந்தேன் - திறந்த குருத்து ஒன்றுகூட இல்லை.

எப்படி?

நாத்தனார் ஓடிவந்தாள். "அண்ணி, விட்டு வச்சதையெல்லாம் பன்னி தின்னுட்டுப் போகுது. மிச்சமாவது தப்பட்டும்னு அதுங்க மேலயும் நான்தான் சட்டி போட்டேன். சொல்லலாம்னு வர்றதுக்குள்ள..."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. கத்தினேன். அவளும் கத்தினாள். இப்போ என்னடி பண்றது?

ஜூலை 12

இவர் சொல்கிறார்: "எல்லாத்தையும் பன்னி தின்னுடுச்சுன்னு சொல்லிடு. அது வந்து இல்லைன்னு சொல்லப்போகுதா?"

சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் ஆசையாகவும் இருந்தது. ஆனால் நாளைக்கு ஆளாளுக்குப் பன்னியைக் காட்டுவார்கள். அப்புறம் மலையில் பன்னி மட்டும்தான் மிஞ்சும்.

ஜூலை 13

கூட்டத்தில் சொல்லிவிட்டேன். "தப்பு என்மேல" என்று நாத்தனார் எழுந்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். சட்டி போட்டது அவள்தான். ஆனால் திறந்த குருத்து இருக்கிறதா என்று பார்க்காமல் வெட்டியது என் அரிவாள். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே.

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டம் எனக்கும்தான். இந்த மழைக்காலம் முடியும்வரை பார்த்துக்கொள் என்று கொட்டகைச் சாவியை அவள் மடியில் போட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 15

படுத்துக் கிடந்தேன். கேட்டது கிடைத்துவிட்டது. வேகும் குருத்தின் வாடை ஜன்னல் வழியாக வந்தது. அழுதேன். அவமானமா, அசதியா, தெரியவில்லை.

ஜூலை 28

நாத்தனார் வேலை முடிந்து வந்தவள் வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்தாள். "எப்படி அண்ணி இவ்வளவு நாளா இதைச் செஞ்சீங்க? ஒருத்தியும் ஒரு வேலையும் செய்ய மாட்டேங்கறா."

"மூடி வந்துச்சா?"

"வரல."

ரொம்ப நாளைக்கப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். அவள் முதுகில் தைலம் தேய்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10

துவைக்க ஓடைக்குப் போனேன். அந்தப் புதர் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

ஒரே ஒரு குருத்து, முழங்கால் உயரத்துக்கு. மேலே சட்டி இல்லை. சுற்றிலும் முள்வேலி. முள்ளைச் சேர்த்துக் கட்டியிருந்தது நாத்தனாரின் பழைய நீலப் புடவைக் கிழிசல். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கள்ளி.

வேலியில் ஒரு முடிச்சு தளர்ந்திருந்தது. இறுக்கிக் கட்டிவிட்டுத் துவைக்கப் போனேன்.