நாலு டயரிலும் முழுக் காற்று

செவ்வாய், இரவு.

மணலில் இறங்கும் முன், புதையாமல் இருக்க பிக்கப் வண்டியின் டயர்களில் காற்றைக் குறைப்பது எங்கள் வழக்கம். இன்று லைட்ஹவுஸ் குப்பத்தில் நான் மீன் எடை பார்க்கப் போன நேரத்தில், அங்கே வந்திருந்த ஒரு மீன் வியாபாரியின் புது டிரைவர் தன் பம்பை மாட்டி என் வண்டியின் நாலு டயரிலும் முழுக்கக் காற்றடித்துவிட்டான். மீனை ஏற்றிக் கிளம்பியதும் வண்டி அச்சு வரை புதைந்தது.

"காத்துகூட பாக்காம வண்டி எட்த்துனு வர்றியேக்கா, நல்லதுதானே பண்ணேன்?" என்கிறான். கரையில் நின்றவர்கள், "பொம்பள ஓட்னா இப்டித்தான்" என்றார்கள்.

மறுபடி காற்றை இறக்கி, நானேதான் வண்டியை வெளியே எடுத்தேன். அவன் பின்னால் ஒரு கை வைத்தான், அவ்வளவுதான்.

"தள்னதுக்கு ஒரு மீனு குடுக்கா."

கொடுத்தேன். அதுவும் பெரிய கொடுவாவாகப் பார்த்து. அதை நினைத்தால்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.