செல்லாயி அத்தை காணாத கனவு

சரித்திர நோட்டைப் பிரித்தேன். நடுவிலிருந்து ஒரு சிவந்த கோழி இறகு மடியில் விழுந்தது. நீ செருகி வைத்தது. சிரித்துவிட்டேன். அப்புறம்தான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

நம் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகைக்கு நான் எழுதிய கதை உனக்கு மறந்திருக்காது. 'நான்' என்று தொடங்கும் என் முதல் கதை. அந்த 'நான்' ஒரு கோழித் திருடி. பட்டப்பகலில் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்து, கோழி அடைத்த பஞ்சாரத்தைத் தூக்குகிறாள். பக்கத்தில் தூங்கும் கிழவியோ, மருமகளைத் துடைப்பத்தால் விரட்டுவதாகக் கனவு காண்கிறாள். அந்த வரிதான் எனக்கு உயிர். உனக்குப் பிடிக்கவில்லை.

"ஏ புள்ள, கதை சொல்றவ திருடி. செவத்தோரமா நிக்கிறா. கெழவி கண்ட கனா அவளுக்கு எப்படித் தெரியும்? மண்டைக்குள்ள போயிட்டு வந்தாளா?"

"கதைதானடி!"

"கதைன்னாலும், நிக்கிற எடத்துலேர்ந்துதான் பாக்க முடியும்."

இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. அந்த வரியை அடிக்கவும் இல்லை.

யுத்தத்தால் காகிதப் பஞ்சம். பத்திரிகை ஒரே பிரதி. அது வீடு வீடாகச் சுற்றி, எங்கள் பக்கத்து வீட்டுச் செல்லாயி அத்தையிடம் போயிற்று. அத்தைக்கு எழுத்து தெரியாது. மருமகள் வாசித்துக் காட்டினாள். பாவம், பயந்துபோய்க் கனவு வரியை மட்டும் வாசிக்காமல் விழுங்கிவிட்டாள். நான் கதை எழுதியபோது பஞ்சாரத்தில் இருந்த அத்தையின் சிவப்புக் கோழி, காணாமல் போய் அன்றைக்கு மூன்றாம் நாள்!

"தம்பி, ஒம் மக எழுதியே குடுத்துட்டா! 'நான் தூக்கினேன்'னு அவ கைப்பட!"

எங்கள் வாசலில் நின்று அத்தை போட்ட சத்தம் கீரனூர் வரை கேட்டிருக்கும்.

"அது நானில்லைப்பா. கதையில வர்ற நான்" என்று அழுதேன்.

"ஒனக்கு எத்தனை நான் இருக்கு?" என்றார் அப்பா. " நாளையிலேர்ந்து பள்ளிக்கூடம் வேணாம். புத்தகத்தைப் பரண்ல போடு."

அப்போதுதான் நீ வந்தாய். அத்தையோடு வந்திருந்த மருமகள் கையிலிருந்த பத்திரிகையை வாங்கி, "மிச்சத்தையும் கேளுங்க அத்தை" என்று கனவை உரக்கப் படித்தாய்.

அத்தை கொதித்துப்போனாள். "நானா? எம் மருமகளையா? அப்படி ஒரு கனா நான் கண்டதே இல்ல!"

"நெசமாவா?"

"கருப்பர் மேல சத்தியம்!"

"அப்பக் கனா பொய்யி. அதை எழுதுன அதே கையிதான் கோழியையும் எழுதுச்சு. அது மட்டும் எப்படி நெசமாகும்?"

இனி அத்தை கனவை ஒப்புக்கொண்டால்தான் கோழியைக் கேட்க முடியும். மருமகளோ பக்கத்திலேயே, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். "சரி, பள்ளிக்கூடம் போ. இனிமே கோழி பத்தி எழுதாத."

மூன்று வாரம் கழித்து அந்தக் கோழி வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து ஒன்பது குஞ்சுகளோடு நடந்து வந்தது. அதன் இறகைத்தான் என் நோட்டில் செருகினாய். "அடுத்த கதைய இது சொல்லட்டும். எங்க இருந்துச்சுன்னு இதுக்குத்தான் தெரியும்."

போன ஆடியில் உனக்குக் காய்ச்சல் கண்டது. ஒட்டிக்கொள்ளும் என்று என்னை உள்ளே விடவில்லை. வேலிக்கு வெளியே நின்றேன். உன் ஜன்னலும், அதில் உலர்ந்த பச்சைத் தாவணியும் தெரிந்தன.

எதை எழுத உட்கார்ந்தாலும் உன் கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. கடைசியில் நீ என்னை நினைத்துக்கொண்டாய் என்று இந்தக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். வேலிக்கு வெளியே நின்றவளுக்கு அது எப்படித் தெரியும்?

அடித்துவிட்டேன். உன் பேச்சைக் கேட்டு நான் அடித்த முதல் வரி.